தேனீ வளர்ப்பு அலமாரியில் ஒருவன்

பட்டியல்காரியின் புருஷன் நூலகத்து அலமாரியில் ஆறு வருடம் இருந்தான். அதில் பெரும்பகுதி இரண்டாம் மாடியில், ஜன்னலோரம், தேனீ வளர்ப்புத் தட்டில். சம்மணம் போட இடமில்லாததால் கால்களைக் கீழே தொங்கவிட்டிருந்தான். தராசு பழுது பார்க்கிறவன் என்பதால் முள் அசைவது நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பழக்கப்பட்டவன். ஆகவே பெரிய சிரமம் எதுவும் தெரியவில்லை. தூசி தட்ட வருகிறவர்கள் மற்றப் புத்தகங்களோடு அவனையும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். பூச்சி மருந்து அடிக்கிற நாளில் மட்டும் அவன் விடாமல் தும்மினான் என்று கீழ்மாடி வாசகர்கள் புகார் சொன்னதுண்டு.

அந்த நூலகத்துக்கு ஒரு சுபாவம் இருந்தது. எண் எழுதிய சீட்டு எதன் முதுகில் ஒட்டப்படுகிறதோ, அது தானாக எழுந்துபோய் அந்த எண்ணுக்குரிய தட்டில் உட்கார்ந்துகொள்ளும். கட்டடம் கட்டிய நாளிலிருந்தே இப்படித்தான். அதனால் புத்தகம் அடுக்குகிற வேலைக்கு அங்கே ஆள் எடுப்பதில்லை. ஒட்டிய சீட்டைப் பிய்க்க முடியாது. வேண்டுமானால் அதன்மேல் இன்னொரு சீட்டை ஒட்டலாம், ஒட்டினால் வேறு தட்டுக்குப் போகும், அவ்வளவுதான். தட்டுக்கு வந்துவிட்ட எதுவும் வெளியே போக இரண்டே வழி. ஒன்று, உறுப்பினர் யாராவது இரவல் வாங்கிப் போக வேண்டும். இல்லாவிட்டால் கழிவு என்று முத்திரை குத்திக் காகித ஆலை வண்டியில் ஏற்ற வேண்டும். ஒருமுறை யாரோ கைதவறி ஒரு குடைமேல் சீட்டு ஒட்டிவிட, அது கோட்டைகளின் வரலாற்றுக்குப் பக்கத்தில் போய்ச் சாய்ந்துகொண்டது. குடையின் சொந்தக்காரர் ஒவ்வொரு மழைக்காலத்திலும் உறுப்பினர் அட்டையைக் காட்டி அதை இரவல் வாங்கிப்போய், தேதி தவறாமல் திருப்பிக் கொடுத்துவந்தார்.

பட்டியல்காரி என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவள்தான் அங்கே சீட்டு எழுதுகிறவள். வருகிற ஒவ்வொரு புத்தகமும் எதைப் பற்றியது என்று முடிவு செய்வதும், அதற்கேற்ற எண்ணைக் கொடுப்பதும், அட்டை எழுதி இழுப்பறையில் சேர்ப்பதும் அவள் வேலை. இதில் என்ன சுகம் என்று கேட்கிறவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. சொன்னால் பங்கு கேட்பார்களோ என்று பயந்தவள் போல இருந்துவிடுவாள். புதுக் கட்டு வந்தால் கயிற்றை அறுக்க மாட்டாள். முடிச்சை நகத்தால் அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் தாளைப் பிரிப்பாள். அட்டையில் புத்தகத்தின் உயரம் எழுத வேண்டும் என்பதால் அளவுகோல் வைத்து அளப்பாள். அரை சென்டிமீட்டர் மிஞ்சினால் முழு சென்டிமீட்டராக்கிவிடுவாள், கொஞ்சம் உயரமாகச் சொன்னால் புத்தகத்துக்குச் சந்தோஷம் என்பது அவள் கட்சி. நன்கொடைப் புத்தகங்களை உதறிப் பார்ப்பதில் அவளுக்குத் தனி ருசி. பேருந்துச் சீட்டு, கோழி இறகு, யாருடையதோ பல் வைத்தியரின் ரசீது, ஒருமுறை முழுசாக ஒரு சீப்பு. பாட்டிலுக்குள் கப்பல் செய்வது எப்படி என்ற புத்தகம் கைவினையா கப்பற்கலையா என்று ஒரு வாரம் தனக்குத்தானே வழக்காடி, கைவினைக்குத் தீர்ப்பு சொன்ன அன்று வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனாள்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது 'காண்க' அட்டைகள். பல்லக்கைத் தேடி வருகிறவரை 'சிவிகை காண்க' என்று இன்னோர் இழுப்பறைக்கு அனுப்புகிற அட்டை. அவளுக்கு முன்பு இருந்தவர் சிவிகை அட்டையில் 'பல்லக்கு காண்க' என்று எழுதிவைத்துவிட்டுப் பணி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அதன் பலனாகச் சுங்க அலுவலகத்து குமாஸ்தா ஒருவர் மழைக்காலம் முழுக்க அந்த இரண்டு இழுப்பறைகளுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவி வந்து சட்டை மாற்றிவிட்டுப் போவாள். பட்டியல்காரி வேலைக்குச் சேர்ந்ததும் அட்டையைத் திருத்தினாள். மனுஷர் நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார். திருத்துவதற்கு முன்னால் ஒரு மதியம் முழுக்க அவர் நடப்பதை அவள் கன்னத்தில் கைவைத்து ரசித்துப் பார்த்தாள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவளுக்கு இரண்டு கர்வங்கள் இருந்தன. 'பல்வகை' என்ற எண்ணை அவள் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்று கண்டுபிடிக்கத் துப்பில்லாதவர்கள் கொட்டுகிற குப்பைக்கூடை அது என்று வாய்விட்டே சொல்வாள். வாசலையொட்டிய அந்தத் தட்டு அவள் காலத்தில் காலியாகவே கிடந்தது. இரண்டாவது கர்வம், எந்தப் புத்தகத்தையும் முழுக்கப் படிக்காமலே அறிந்துகொள்வது. மேலட்டை, பொருளடக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, நடுவில் மூன்று பக்கம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பாள். தராசுக்காரனைக் கட்டிக்கொண்டதும் அப்படித்தான்: ஆளை ஒருமுறை பார்த்தாள், நடுவில் மூன்று வாக்கியம் பேசவிட்டாள், சரி என்றுவிட்டாள்.

அவனை அலமாரிக்கு அனுப்பியதும் அவள்தான். அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை ஒரு முற்பகலில் அவன் கொண்டுவந்தான். மேசையிலிருந்து அளவுகோல் உருண்டு விழ, எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்து மேசைக்கடியில் தலையை நுழைத்தான். அவளோ வலக்கையால் சீட்டெழுதி, அடுத்த புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டே இடக்கையால் முதுகைத் தடவிப் பார்த்து ஒட்டுகிறவள். விரல்களுக்கு ஒரு முதுகு தட்டுப்பட்டது. லேசாக வளைந்து, சூடாக இருந்தது. ஜன்னல் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்து, தேனீ வளர்ப்புக்கு எழுதிய சீட்டை அவன் பின்கழுத்தில் ஒட்டி, பழக்கப்படி கட்டைவிரலால் அழுத்தியும் விட்டாள். அவன் நிமிர்ந்தான், அளவுகோலை அவள் கையில் கொடுத்தான், மாடிப்படி ஏறிப் போனான்.

அவள் மூச்சிரைக்க மேலே ஓடியபோது அவன் தட்டில் வசதியாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தான்.

"என்னங்க இது?"

"தெரியலையே. கால் தானா வந்துச்சு. காத்து நல்லாத்தான் வருது."

"உங்களுக்குத் தேனே பிடிக்காதே!"

"பார்த்துக்கலாம்," என்றான். எதற்கும் அவன் சொல்வது அதுதான்.

புருஷன் அலமாரியில் உட்கார்ந்துவிட்டானே என்பதைவிடத் தப்பான அலமாரியில் உட்கார்ந்துவிட்டானே என்றுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்த பிறகுதான் மற்றது உறைத்தது. அவன் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த தராசுத் தட்டுகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தன. பல் தேய்க்கும்போது அவன் முனகுகிற மெட்டு இல்லாமல் வீடு கொட்டகை போல் இருந்தது. அவள் அன்று அழுதாள், மறுநாளும் அழுதாள், பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டதால் முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் அவனை இரவல் வாங்க முடியாது. நூலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகிவிடும் என்று எந்தக் காலத்திலோ போட்ட விதி. அவனை வீட்டுக்கு வாங்கி வரக்கூடிய ஒரே சொந்தம் அவள் மாமியார்தான், உறுப்பினராகச் சேர்ந்தால் போதும். மாமியாரோ நூலகத்துக்கு வந்து, மகனை மேலும் கீழும் பார்த்து, இளைத்துப் போயிருக்கிறான் என்று சொல்லி, அவன் வாயில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நான் பெத்த பிள்ளைய நானே இரவல் வாங்கணுமா? செத்தாலும் மாட்டேன். ஒட்டினவதான் எடுக்கணும்."

"எடுக்க முடியாது அத்தை. மேல ஒட்டத்தான் முடியும்."

"அப்போ கிழிஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்திடு. வெளிய வந்துடுவான்ல?"

"கிழிஞ்சதுன்னா ஆலைக்குப் போயிடும் அத்தை. கூழாக்கிடுவாங்க. அதோட அவருக்கு என்ன கிழிசல்? நல்லாத்தானே இருக்கார்."

மாமியார் வாழைப்பழத் தோலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதன்பின் வாரம் ஒருமுறை வந்து அவன் தலையில் எண்ணெய் வைத்துவிட்டுப் போனாள், மருமகளிடம் பேசுவதில்லை. ஆறு வருடமும் இரண்டு பெண்களும் படிக்கட்டில் எதிரெதிரே கடந்து போனார்கள்.

வெளியே கொண்டுவர முடியாவிட்டாலும் சரியான இடத்திலாவது வைக்கலாம் என்று பட்டியல்காரி முனைந்தாள். அங்கேதான் அவளுடைய வித்தை அவளைக் கைவிட்டது. எந்தப் புத்தகத்தையும் மூன்று பக்கத்தில் சொல்லிவிடுகிறவளுக்கு இந்த ஆள் எதைப் பற்றியவன் என்று சொல்லத் தெரியவில்லை. எடைகளும் அளவைகளும் என்று ஒட்டினாள். கடைக்காரர்கள் அவனை இரவல் வாங்கிப்போய், தராசைப் பற்றி ஒரு நிமிடம்தான் வருகிறது, மீதியெல்லாம் கூரை ஒழுகுவதைப் பற்றி என்று திருப்பிக் கொடுத்தார்கள். மௌனம் என்று ஒட்டித் தத்துவத்தில் சேர்த்தாள். அவன் முனகுகிற மெட்டைக் கேட்டுத் தத்துவம் படிக்க வந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பொறுமை, ஆண்கள், உலோகங்கள், குழந்தைகளுக்கான எளிய அறிவியல் என்று எண்மேல் எண்ணாக ஒட்டியதில் அவன் பின்கழுத்தில் சீட்டுகள் சின்னத் தலையணை போல் திரண்டு, சட்டைக் காலர் மடியாமல் தூக்கிக்கொண்டு நின்றது. கடைசியில் அவனே, தேனீ வளர்ப்பில்தான் காற்று வருகிறது, அங்கேயே போட்டுவிடு என்று கேட்டுக்கொண்டான்.

அங்கே இருந்தபடியே அவன் ஊரெல்லாம் போய்வந்தான். தேனீ வளர்க்கிறவர்கள் அவனை மரியாதையாக வைத்துக்கொண்டார்கள். சட்டைப்பையில் ஒட்டிய தாளில் இரவல் தேதிகள் நிரம்பின. ஒரு பள்ளி ஆசிரியை மட்டும், விட்ட இடம் மறக்காமலிருக்க அவன் இடது காதை மடித்து வைத்துவிட்டாள். எவ்வளவு நீவிவிட்டும் அது நிமிரவில்லை; பட்டியல்காரி அந்த ஆசிரியையின் உறுப்பினர் அட்டையை ஒரு பருவம் நிறுத்திவைத்தாள்.

ஆனால் திருப்பிக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே குறையைச் சொன்னார்கள். நன்றாகத்தான் போகிறது, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு மொத்தக் கடையில் இருந்த தராசைப் பற்றி அவன் எல்லா வீடுகளிலும் சொன்னான். எதை வைத்தாலும், மூட்டையை வைத்தாலும், முதலாளியே ஏறி நின்றாலும், முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. கழற்றிப் பார்த்தான், பூட்டிப் பார்த்தான், ஒரு பழுதும் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாள் போய் அப்படியே செய்தான், தராசு சரியாகிவிட்டது. என்ன சொன்னாள் என்று கேட்டால், "அதை அவ சொன்னாத்தான் நல்லா இருக்கும்," என்று சிரித்துக்கொண்டு நிறுத்திவிடுவான். அவனுடைய எல்லாக் கதையும் அந்த இடத்தில்தான் நின்றது. இரவல் மேசையில் இருந்தவர் ஒவ்வொரு புகாரையும் கேட்டு, 'கடைசிப் பக்கங்கள் இல்லை' என்று அவன் சட்டைப்பைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தார். தன் காதுக்கு எட்டாமல் இப்படி ஒரு குறிப்பு சேர்ந்துவருவது பட்டியல்காரிக்குத் தெரியாது. சீட்டு ஒட்டிய பிறகு புத்தகங்களைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. மதிய இடைவேளையில் அவனிடம் போனாலும் சாப்பிட்டீர்களா, முதுகு வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவாள்.

ஏழாம் வருடத்தின் தொடக்கத்தில் புது நூலகர் வந்தார். கெட்டவர் அல்ல, இடநெருக்கடி பிடிக்காதவர். கிழிந்தவை, செல்லரித்தவை, பக்கம் குறைந்தவை எல்லாம் ஆலைக்கு என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவுப்படி தராசுக்காரனின் நெற்றியில் ஊதா மையில் 'கழிவு' என்று முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்தவை நூலகத்தின் சுபாவப்படி தாமாகவே இறங்கி வாசலுக்குப் போய்க் குவிந்தன. அவனும் இறங்கிப் போய் முதுகு பிய்ந்த அகராதி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

பட்டியல்காரி ஒரு கட்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் காதில் விழுந்ததும் வாழ்க்கையில் முதல்முறையாகக் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆலை வண்டி வந்து நின்றிருந்தது. மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் நின்று மகனின் நெற்றியை முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டிருந்தாள், மை போகவில்லை.

"சார், இவரு என் வீட்டுக்காரர்."

"இருக்கட்டும்மா. ஆனா குறைப் பிரதியாச்சே. ஆறு வருஷமா எல்லாரும் அதான் சொல்றாங்க. வேணும்னா நீங்களே கேளுங்க." நூலகர் தராசுக்காரன் பக்கம் குனிந்தார். "அந்த மொத்தக் கடைத் தராசு விஷயம் சொல்லுங்க."

தராசுக்காரன் சொன்னான். மூட்டை வைத்தது, முதலாளி ஏறி நின்றது, கழற்றியது, பூட்டியது, வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னது. அங்கே நிறுத்தினான்.

"பார்த்தீங்களா? இங்கதான் கிழிஞ்சிருக்கு," என்றார் நூலகர்.

"கிழியவும் இல்ல ஒண்ணும் இல்ல," என்று பட்டியல்காரி எரிச்சலோடு சொன்னாள். "அது பாவம் களைச்சுப் போயிருக்கும், ஒரு நாள் லீவு விடுங்கன்னு சொன்னேன். இவரு அதை ஜன்னலோரம் வச்சு, மேல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டு வந்துட்டாரு. மறுநாள் முள்ளு ஒழுங்கா அசைஞ்சுச்சு."

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் தேனீ வளர்க்கிறவர்கள். வருடக்கணக்காக அந்தத் தராசுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் தூக்கம் கெட்டவர்கள். ஒருவர், கூரை ஒழுகின கதைக்கு முடிவு என்ன என்று கேட்டார். தராசுக்காரன் பாதி சொன்னான், மீதி அவள் சொன்னாள். பக்கத்து வீட்டு ஏணியின் கதை, கல்யாணத்தன்று காணாமல் போன செருப்பின் கதை, எல்லாம் அப்படியே. செருப்புக் கதையின் நடுவில் அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். இத்தனை வருடம் அவனை அங்கும் இங்கும் புரட்டிப் பார்த்தும் பொருள் பிடிபடாததன் காரணம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தொழில் தெரிந்த எவளும் முதலில் பார்க்க வேண்டியதை அவள் பார்க்கவே இல்லை.

"சார், இது குறைப் பிரதி இல்ல. முதல் பாகம்."

நூலகர் யோசித்தார். ஒரே நூலின் பாகங்களைப் பிரிக்கக் கூடாது, ஒன்றை மட்டும் கழிக்கவும் கூடாது என்பது எந்த நூலகத்திலும் உள்ள விதி. "ரெண்டாம் பாகம் தட்டுல இருக்கணுமே. எங்க?"

அவள் உள்ளே போய் இரண்டு வெற்றுச் சீட்டுகளைக் கொண்டுவந்தாள். எண் எழுத வேண்டும். தராசு, ஒழுகும் கூரை, ஏணி, செருப்பு, அத்தையின் கோபம், ஜன்னல் காற்று. இவை அனைத்தையும் பற்றிய நூலுக்கு ஒரே எண்தான் இருக்கிறது. அவள் வாய்விட்டுக் காறித் துப்பாத குறையாக ஏசிவந்த எண். இரவல் மேசைக்காரர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அம்மா, அது பல்வகை," என்று மெதுவாக நினைவூட்டினார். "தெரியும்," என்றாள். இரண்டு சீட்டிலும் எழுதினாள், ஒன்றில் முதல் பாகம், இன்னொன்றில் இரண்டாம் பாகம். முதல் சீட்டை அவன் கழுத்துத் தலையணையின் மேல் ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினாள். இரண்டாவதை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்று, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கோணலா ஒட்டிடாதீங்க."

முள் நிற்கிற இடத்தைக் கண்ணாலேயே சொல்லுகிறவன் அவன். நேராக ஒட்டினான். இருவரும் நடந்துபோய், வாசலையொட்டிய காலித் தட்டில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொண்டார்கள். அவனுடைய மடிந்த காது அவள் தோளில் பட்டது. ஆலை வண்டி அகராதியை ஏற்றிக்கொண்டு போயிற்று.

மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றாள். பிறகு இரவல் மேசைக்குப் போய், உறுப்பினர் ஆக என்ன வேண்டும் என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். ஒரு புகைப்படம், ஒரு கையெழுத்து, ஒரு ஜாமீன் என்றார்கள். ஜாமீன் நூலகரே போட்டார்.

"எனக்கு முதல் பாகம் மட்டும் போதும்," என்றாள் மாமியார்.

"பிரிச்சுத் தரக் கூடாதும்மா. எடுத்தா ரெண்டும் எடுக்கணும்."

"ரெண்டாம் பாகத்துக்கு வாய் ஜாஸ்தி."

"படிச்சிட்டுச் சொல்லுங்க," என்றார் மேசைக்காரர்.

அன்று மாலை மூன்று பேரும் ஒரே குடையில் வீட்டுக்குப் போனார்கள். குடையும் இரவல்தான், அதன் சொந்தக்காரருக்கு அன்று தேவைப்படவில்லை. இரவலில் இருக்கிற புத்தகம் பகலில் நூலகத்துக்கு வரக் கூடாது என்று விதி எதுவும் இல்லாததால் பட்டியல்காரி காலையில் வந்து கட்டுகளின் முடிச்சை அவிழ்த்து, உயரத்தை அளந்து, சீட்டு ஒட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுகிறாள். ஒட்டுவதற்கு முன் இப்போதெல்லாம் முதுகைக் கண்ணால் பார்க்கிறாள். சில புத்தகங்களைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிறாள் என்றும் கேள்வி, அதனால் வேலை கொஞ்சம் தேங்கியிருக்கிறது. எப்போதாவது தேனீ வளர்க்கிறவர்கள் முன்பதிவு செய்தால் கணவனும் மனைவியும் இரண்டு வாரம் அங்கே போய்த் தங்கிவிட்டு, ஆளுக்கொரு தேன் பாட்டிலோடு வருகிறார்கள். அவன் பங்கையும் அவளே சாப்பிடுகிறாள். மற்றபடி, தவணை முடிகிற நாளில் மாமியார் இருவரையும் முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வருகிறாள். மேசைக்காரர் ஒவ்வொரு முறையும் புத்தகம் எப்படி இருந்தது என்று கேட்கிறார். அவளும் மகனை ஒரு பார்வை, மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே பதிலைச் சொல்கிறாள்.

"இன்னும் முடியல. தேதி போட்டுக் குடு."